பழுதடைந்த வாடகை வீட்டை விற்பவரின் கடனிலேயே வாங்குவது எப்படி: அமெரிக்காவில் முதல்முறை முதலீடு செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

கூரை ஒழுகும், கொதிகலன் ஓடாத, நான்கு குடியிருப்புகளில் இரண்டு பூட்டியே கிடக்கும் ஒரு கட்டடத்தை வாங்குவதற்கு அமெரிக்க வங்கி ஒன்றில் கடன் கேட்டால், பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். வங்கி இன்றைய வாடகையையும் கட்டடத்தின் இன்றைய நிலையையும் வைத்தே கணக்குப் பார்க்கும் என்பதால், நாளை அந்தக் கட்டடம் எவ்வளவு நன்றாக ஓடும் என்று நாம் சொல்வது அங்கே எடுபடாது. இதே காரணத்தால்தான் அதன் உரிமையாளருக்கும் வாங்க ஆள் கிடைப்பதில்லை. ரொக்கத்தோடு வருகிறவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள், கடனோடு வருகிறவர்களை வங்கி திருப்பி அனுப்பிவிடுகிறது. இந்த இடைவெளியில், வாங்குபவரும் விற்பவரும் தங்களுக்குள்ளேயே கடன் நிபந்தனைகளைப் பேசி முடித்துக்கொள்ளும் ஏற்பாடுகளுக்கு அங்குள்ள முதலீட்டாளர்கள் ‘கிரியேட்டிவ் ஃபைனான்சிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெயரைக் கேட்டதும் கைப்பணமே இல்லாமல் வீடு வாங்கும் மாயம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பழுதடைந்த கட்டடத்தைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது, ஏனெனில் வாங்கிய மறுநாளே பணம் கேட்கத் தொடங்கும் சொத்து அது. இங்கே உண்மையான வேலை, கட்டடம் தேறிவரும் வேகத்துக்குக் கடன் தவணைகளைப் பொருத்துவதும், கடன் முடிய வேண்டிய கடைசி நாளை முதலில் யோசித்து அங்கிருந்து பின்னோக்கி ஒப்பந்தத்தைக் கட்டுவதும்தான்.

விற்பவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்

விலையைப் பேசுவதற்கு முன்னால், விற்பவர் ஏன் விற்கிறார், கைக்கு வரும் பணத்தை என்ன செய்யப்போகிறார், அந்தச் சொத்தின் மேல் இன்னும் எவ்வளவு கடன் இருக்கிறது என்ற மூன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடன் முழுவதையும் அடைத்துவிட்டு, வாடகைதாரர்களோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போன ஒரு முதியவர்தான் இந்த ஏற்பாட்டுக்கு மிகவும் பொருந்தும் விற்பவர். அவருக்கு மாதாமாதம் ஒரு வருமானம் தேவைப்படலாம். ஒரே நாளில் பெருந்தொகை வந்தால் அந்த ஆண்டே கட்ட வேண்டிய வரியும் பெரிதாகத் தெரியலாம். அமெரிக்க வரிச் சட்டத்தில் குடியிருப்பு வாடகைக் கட்டடத்துக்கு 27.5 ஆண்டுகளில் தேய்மானம் எழுதப்படுவதால், நெடுங்காலம் வைத்திருந்தவரின் கணக்கில் கட்டடத்தின் அடக்கவிலை ஏறக்குறையக் கரைந்துபோயிருக்கும். அப்படி எழுதிய தேய்மானத்துக்கு ஈடான லாபப் பகுதிக்கு 25 சதவீதம் வரை கூட்டரசு வரி விழக்கூடும். தவணை முறையில் விற்றால், வரிச் சட்டத்தின் 453ஆம் பிரிவின்படி, அசல் கைக்கு வரவர லாபத்தைக் கணக்கில் காட்டினால் போதும். இந்தச் சலுகையை விற்பவரின் கணக்காயரே அவருக்குச் சொல்லும்படி விட்டுவிடுவது நல்லது. வாங்குகிறவர் வாயிலிருந்து வந்தால் அது வியாபாரப் பேச்சாகவே கேட்கும்.

மாறாக, தவணை தவறி, வங்கி ஏலத்துக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்ட உரிமையாளருக்கு மாத வருமானம் பற்றிய பேச்சே பயன்படாது. அவருக்கு நிலுவையைக் கட்ட ரொக்கம் வேண்டும், அதுவும் குறிப்பிட்ட தேதிக்குள் வேண்டும். இத்தகைய சொத்துகளைக் குறிக்க அங்கே வழங்கும் ‘டிஸ்ட்ரெஸ்டு’ என்ற ஒரே சொல்லுக்குள் கட்டடத்தின் துன்பமும் உரிமையாளரின் துன்பமும் கலந்துகிடக்கின்றன. எது எது என்று பிரித்துப் பார்க்காமல் ஒப்பந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வில்லங்கமும் கட்டடமும்

சொத்தின் உரிமையை ஆராய்ந்து பதிவு வேலையையும் முடித்துத் தரும் டைட்டில் கம்பெனி அல்லது வழக்கறிஞர் மூலம் வில்லங்கம் பார்க்காமல் ஒரு டாலரையும் திரும்ப வாங்க முடியாத முறையில் கொடுக்கக் கூடாது. பராமரிக்காமல் விட்ட சொத்தின் மேல் சொத்துவரி நிலுவை, தண்ணீர்க் கட்டண நிலுவை, கூலி தரப்படாத ஒப்பந்ததாரர் பதிவு செய்த உரிமைக்கோரல், நகராட்சியின் கட்டட விதிமீறல் அபராதம் என ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறியிருப்பது வழக்கம். பெற்றோரிடமிருந்து வந்த சொத்தாக இருந்தால், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் யார் யார் என்பதும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிட வேண்டும்.

குடியிருப்பவர்கள் விஷயத்தில் விற்பவர் தரும் வாடகைப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு வாடகைதாரரிடமும், தாம் கட்டும் வாடகை, கொடுத்திருக்கும் வைப்புத்தொகை, ஒப்பந்தம் முடியும் தேதி, உரிமையாளரோடு உள்ள தகராறு ஆகியவற்றை உறுதிசெய்து அவரே கையெழுத்திட்ட ‘எஸ்டாப்பல்’ சான்றைப் பெற வேண்டும். பட்டியலில் 850 டாலர் என்றிருந்த வாடகை ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்தான் வருகிறது என்ற உண்மை இந்தத் தாளில்தான் வெளியே வரும். வாடகைதாரர்கள் கொடுத்த வைப்புத்தொகை உங்களுக்கு மாற்றப்பட வேண்டும், ஏனெனில் அவர்கள் காலி செய்யும்போது அதைத் திருப்பித் தரும் பொறுப்பு பொதுவாகப் புதிய உரிமையாளர் தலையில்தான் விழும்.

கட்டடத்தைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியும் சுண்ணாம்பும் தரைவிரிப்பும் சிறு செலவுகள். கூரை, அடித்தளம், மின்கம்பி, வெப்பமூட்டும் கருவி, தெருவரை செல்லும் கழிவுநீர்க் குழாய் ஆகிய ஐந்தும்தான் திட்டத்தைக் கவிழ்ப்பவை. குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்த்து விட்டுவிடாதீர்கள். 1978க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயம் கலந்த பெயின்ட் பற்றித் தமக்குத் தெரிந்ததை விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும், அதைச் சோதிக்க வாங்குபவருக்கு 10 நாள் அவகாசம் உண்டு என்பதும் கூட்டரசு விதி. அத்தகைய வாடகை வீடுகளில் பெயின்ட்டைக் கலைக்கும் பழுதுவேலையைச் செய்யும் நிறுவனம் அதற்கான சான்று பெற்றிருக்கவும் வேண்டும். ஒப்பந்ததாரரின் மதிப்பீடு கைக்கு வந்தபின், அதன் மேல் 15 அல்லது 20 சதவீதம் கூடுதலாக வைத்துக்கொண்டே மேற்கொண்டு கணக்குப் போடுங்கள்.

எந்த வடிவம்

நான்கு வடிவங்கள் அடிக்கடி பேசப்படுகின்றன. அவற்றுள் முதலாவதாகிய விற்பவர் கடன்தான் புதியவருக்கு உகந்தது என்பது என் கருத்து. இதில் கிரயப் பத்திரம் உடனே உங்கள் பெயருக்கு மாறுகிறது. விலையில் முன்பணம் போக மீதிக்கு நீங்கள் விற்பவருக்குப் புரோநோட்டு எழுதித் தருகிறீர்கள். அந்தப் புரோநோட்டுக்கு ஈடாக அதே சொத்து அவரிடம் அடமானமாகப் பதிவாகிறது. வங்கி இருக்க வேண்டிய இடத்தில் விற்பவர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இரண்டாவது வடிவத்தில், விற்பவரின் பழைய வங்கிக் கடன் அவர் பெயரிலேயே தொடர, சொத்து மட்டும் உங்கள் பெயருக்கு மாறும். அந்தத் தவணையை நீங்கள் கட்டிவருவீர்கள். ‘சப்ஜெக்ட் டு’ எனப்படும் இது அண்மையில் பரவியதற்குக் காரணம் வட்டிவிகிதம். 30 ஆண்டு வீட்டுக் கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதம் வரை இறங்கி, 2023 அக்டோபரில் 7.79 சதவீதம் வரை ஏறியது; பழைய மலிவுக் கடனை அப்படியே சுமந்துகொள்ளும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் அநேகமாக எல்லா வங்கிப் பத்திரங்களிலும், சொத்து கைமாறினால் முழுக் கடனையும் உடனே கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. 1982ஆம் ஆண்டின் கார்ன்–செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் அந்த உரிமையை நாடு முழுவதும் உறுதிப்படுத்தியது. ஒருவர் பயனுக்காக இன்னொருவர் பொறுப்பில் சொத்தை வைக்கும் டிரஸ்ட் ஒன்றில் வைத்துவிட்டால் வங்கி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். கடன் வாங்கியவரே அந்த டிரஸ்டின் பயனாளியாகத் தொடரும்வரைதான் அந்தச் சட்டத்தின் விலக்கு பொருந்தும். காப்பீட்டில் பெயர் மாறும்போதே வங்கிக்குச் செய்தி எட்டிவிடக்கூடும் என்பதால், முழுக் கடனையும் குறுகிய காலத்தில் அடைக்க வழி இல்லாதவர் இந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவதாகிய, பின்னர் வாங்கும் உரிமையுடன் கூடிய குத்தகையிலும், நான்காவதாகிய ‘லேண்ட் கான்ட்ராக்ட்’ எனப்படும், கடைசித் தவணை வரை பத்திரம் விற்பவரிடமே இருக்கும் ஏற்பாட்டிலும் ஒரே குறைதான்: இன்னொருவர் பெயரில் உள்ள வீட்டுக்கு உங்கள் பணத்தில் கூரை போடுவீர்கள். அவர் மேல் தீர்ப்போ வரி நிலுவையோ வந்தால் அது உங்கள் கூரை மேல்தான் வந்து உட்காரும். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் இத்தகைய ஒப்பந்தங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடுகளும் வைத்திருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள வீட்டுக்கு இவை பொருந்தலாம். பெரும் பழுதுவேலை இருக்கும் இடத்தில் வேண்டாம்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு நான்கு குடியிருப்புக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டில் ஆள் இருக்கிறார்கள், தலா 850 டாலர் வாடகை. பழுதுபார்க்க 45,000 டாலர் ஆகும். பழுதுபார்த்த பின் நான்கும் தலா 1,000 டாலருக்குப் போகும். அப்போது கட்டடத்தின் மதிப்பு 3,60,000 டாலர் இருக்கும். விற்பவருக்குக் கடன் ஏதுமில்லை. அவர் கேட்கும் விலை 2,40,000.

ரொக்கத்துக்கு வாங்குகிறவர்கள் பலர் பின்பற்றும் 70 சதவீத விதியின்படி பார்த்தால், 3,60,000இல் 70 சதவீதமான 2,52,000இலிருந்து பழுதுச் செலவு 45,000ஐக் கழிக்க, 2,07,000க்கு மேல் கொடுக்கக் கூடாது. விற்பவர் அதற்கு இறங்க மாட்டார். அவருக்கு விலை முக்கியம் என்றால் விலையை விட்டுக்கொடுத்து, நமக்கு முக்கியமான காலத்தை வாங்கிக்கொள்ளலாம். 2,30,000க்குப் பேசி, 20,000 முன்பணம் கொடுத்து, 2,10,000க்கு 5 சதவீத வட்டியில் புரோநோட்டு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பழுதுச் செலவில் 25,000 நம் கைப்பணம். மீதி 20,000ஐ அறிந்தவர் ஒருவரிடம் 9 சதவீத வட்டிக்கு, விற்பவரின் அடமானத்துக்கு அடுத்த இரண்டாம் இடத்தில் பதிவு செய்து வாங்குகிறோம்.

கட்டடம் தேறியபின் ஆண்டு வாடகை 48,000. காலியாகும் நாட்களுக்கு 8 சதவீதம் கழித்தால் 44,160. சொத்துவரி, காப்பீடு, தண்ணீர், பழுது, நிர்வாகம், பெருஞ்செலவுக்கான ஒதுக்கீடு எல்லாமாக மொத்த வாடகையில் 45 சதவீதம், அதாவது 21,600. மிஞ்சும் நிகர இயக்க வருமானம் 22,560 டாலர். பழைய கட்டடத்துக்கு 45 சதவீதம் அதிகம் என்று விற்பவரின் தரகர் சொல்லுவார். கேட்டுக்கொண்டு, அந்த எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள்.

இங்கேதான் புதியவர் சறுக்குகிறார். 5 ஆண்டுக்கு வட்டி மட்டும் கட்டி, முடிவில் அசல் முழுவதையும் ஒரே ‘பலூன்’ தவணையாகத் தருவதாக ஒப்புக்கொண்டால் மாதம் 875 டாலர்தான். கையில் நிறைய மிஞ்சுவதுபோல் தெரியும், தனியார் கடன் 20,000ஐக்கூட அதற்குள் அடைத்துவிடலாம். ஆனால் ஐந்தாம் ஆண்டு முடிவில் வங்கியில் மறுகடன் வாங்கித்தான் 2,10,000ஐக் கொடுக்க வேண்டும். ஆண்டுத் தவணையைப் போல 1.25 மடங்காவது நிகர வருமானம் இருக்க வேண்டும் என்று வங்கி கேட்டால், 22,560க்கு ஆண்டொன்றுக்கு 18,048 டாலர் தவணைதான் தாங்கும். 7.5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடனாக அதை மாற்றினால் சுமார் 2,15,000 கிடைக்கும். கடன் வாங்கும் செலவு 6,000 போக 2,09,000. ஆயிரம் டாலர் துண்டு விழுகிறது. வட்டி 8 சதவீதமாக இருந்தால் கிடைக்கும் கடனே 2,05,000தான். கட்டடத்தின் மதிப்பு 3,60,000 என்பது அந்த நாளில் உதவாது, ஏனெனில் வங்கியின் கையைக் கட்டுவது மதிப்பு அல்ல, வருமானம்.

அதே கடனை வேறு வகையில் அடுக்கலாம். முதல் 6 மாதம் தவணை இல்லை. அந்தக் காலத்து வட்டி 5,250 டாலரை, வட்டிக்கு வட்டி போடாமல், அடுத்த 18 மாதங்களில் பிரித்துக் கட்டலாம். ஆகவே 7ஆம் மாதம் முதல் 24ஆம் மாதம் வரை 875ஓடு 292 சேர்ந்து மாதம் 1,167. 25ஆம் மாதத்திலிருந்து 30 ஆண்டுக் கணக்கில் அசலும் வட்டியுமாக மாதம் 1,127. எட்டாம் ஆண்டு முடிவில் பலூன். அன்றைக்கு மீதி அசல் சுமார் 1,88,900 ஆக இறங்கியிருக்கும். வாடகை ஒரு டாலர்கூட ஏறவில்லை, வங்கி வட்டி 8.5 சதவீதம் என்று வைத்தாலும் 1,95,600 கடன் கிடைத்து, செலவு போக 1,89,600 மிஞ்சுவதால் மயிரிழையில் தப்பிவிடலாம். 9 சதவீதமானால் தப்ப முடியாது. எனவே, அசலில் 10,000 டாலர் செலுத்தினால் பலூனை 2 ஆண்டு தள்ளிப்போடும் உரிமையையும் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முதல் இரு கடன்களுக்கும் ஆண்டுக்கு 15,328 டாலர் போக 7,232 மிஞ்சும். மூன்று ஆண்டுகளுக்குள் அதிலிருந்தே தனியார் கடன் அடைந்துவிடும்.

வட்டியை 5இலிருந்து 4.5 ஆக்குவதற்கு மணிக்கணக்கில் பேரம் பேசி, மூன்று ஆண்டு கூடுதல் காலத்தைக் கேட்க மறந்துவிட்டு எழுந்து வருகிறவர்களே அதிகம். வட்டியை மிகவும் குறைப்பதிலும் ஒரு பொறி உண்டு. வருமான வரித்துறை மாதந்தோறும் வெளியிடும் ஏ.எஃப்.ஆர். எனப்படும் குறைந்தபட்ச விகிதத்துக்குக் கீழே போனால், எழுதாத வட்டியை எழுதியதாகவே கருதி வரிக்கணக்குப் போடப்படும். 3 ஆண்டுக்கு மேல் 9 ஆண்டு வரையிலான கடனுக்கு நடுத்தரக்கால விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

கைப்பணம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடலாம். முன்பணம் 20,000, பழுதுக்கு 25,000, பத்திரச் செலவுக்கு 5,000, இயக்கச் செலவும் இரு கடன் தவணைகளும் நான்கு மாதத்துக்குத் தாங்கும் கையிருப்பாக 12,500, ஆக மொத்தம் 62,500 டாலர்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

இரு பக்கமும் ஒப்புக்கொண்டதை ஒரு பக்கக் கடிதமாக எழுதிக்கொண்டு, அதை அந்தந்த மாநிலத்தின் சொத்து வழக்கறிஞரிடம் கொடுத்துப் பத்திரமாக்குங்கள். சில மாநிலங்களில் அடமானப் பத்திரமும் வேறு சிலவற்றில் ‘டீட் ஆஃப் டிரஸ்ட்’ எனப்படும் பத்திரமும் வழக்கில் உள்ளன. தவணை தவறினால் ஃப்ளோரிடாவிலும் நியூயார்க்கிலும் விற்பவர் நீதிமன்றம் வழியாகத்தான் ஏலத்துக்குப் போக முடியும், டெக்சாஸில் நீதிமன்றத்துக்குப் போகாமலே ஏலம் விடலாம். இணையத்தில் கிடைக்கும் பொதுப் படிவம் இந்த வேறுபாட்டை அறியாது.

முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை என்பதும், தவணை தாமதமானால் எத்தனை நாள் கழித்து அபராதம், எத்தனை நாள் கழித்துத்தான் முழுக் கடனையும் கேட்கலாம் என்பதும் தெளிவாக இருக்கட்டும். ஈடு அந்தச் சொத்து மட்டும்தானா, உங்கள் மற்ற உடைமைகளுக்கும் பொறுப்பு நீளுமா என்ற கேள்வியை விற்பவரின் வழக்கறிஞர் எழுப்புவதற்கு முன் நீங்கள் எழுப்புங்கள். விற்பவர் புரோநோட்டை வேறொருவருக்கு விற்க முன்வந்தால், அதைத் தள்ளுபடி விலையில் வாங்கும் முதல் வாய்ப்பு உங்களுக்கு என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்; முதிய விற்பவரின் வாரிசுகள் ரொக்கம் தேடும் நாளில் அந்த ஒரு வரி பெரும் தொகையாக மாறலாம். விற்பவரின் அச்சத்துக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும்: பாதி உடைத்துப்போட்ட வீடு தம்மிடமே திரும்பி வந்துவிடுமோ என்பதுதான் அவருடைய பயம். பழுதுப் பணத்தை எஸ்க்ரோவில், அதாவது மூன்றாம் தரப்பின் பொறுப்பில் உள்ள கணக்கில் போட்டு, வேலை முடியமுடிய எடுப்பதாக எழுதித் தந்தால், அவர் வேறு பல நிபந்தனைகளில் இளகிவிடுவார்.

பதிவு நாளும் அதற்குப் பிறகும்

கிரயப் பத்திரமும் அடமானமும் ஒரே நாளில் டைட்டில் கம்பெனி வழியாகப் பதிவாக வேண்டும். சொத்துரிமையில் பின்னால் குறை தெரியவந்தால் ஈடு தரும் டைட்டில் இன்ஷூரன்ஸை உங்களுக்காக அன்றே எடுக்க வேண்டும். கட்டடக் காப்பீடு எடுக்கும்போது பாதிக் கட்டடம் காலி, பழுதுவேலை நடக்கப்போகிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் சாதாரணக் காப்பீட்டுப் பத்திரங்களில் 30 அல்லது 60 நாள் காலியாகக் கிடந்தால் சில இழப்பீடுகள் செல்லாது என்ற விதி பரவலாக உண்டு.

தவணையை நேரடியாக விற்பவரிடம் கொடுக்காமல், சிறு மாதக் கட்டணத்துக்கு அதை வாங்கிக் கணக்கு வைத்து ஆண்டு வட்டிச் சான்றும் தரும் மூன்றாம் நிறுவனம் ஒன்றின் வழியாகச் செலுத்துங்கள். எட்டு ஆண்டுகள் கழித்து மறுகடன் கேட்டுப் போகும்போது, ஒரு தவணையும் தவறவில்லை என்பதற்கு வங்கி கேட்கும் சான்று அதுதான். பழுதுவேலையில் காலியான இரு குடியிருப்புகளையே முதலில் முடித்து வாடகைக்கு விடுங்கள். ஆள் இருக்கும் குடியிருப்புகளில் கைவைப்பது அதற்குப் பிறகு. மறுகடனுக்கான பேச்சைப் பலூன் தேதிக்கு 18 மாதம் முன்னதாகவே, கட்டடம் உள்ள ஊரின் இரண்டு மூன்று சிறு வங்கிகளோடு தொடங்கிவிட்டால், நிலைமை சரியில்லாதபோது நீட்டிப்பு உரிமையைப் பயன்படுத்த விற்பவருக்கு உரிய காலத்தில் எழுத்தில் அறிவிக்க அவகாசம் இருக்கும்.